நாலு கூட்டல் மூணு

டங்!

எவர்சில்வர் பால் தூக்கு மேசை மேல் வந்து உட்கார்ந்த சத்தத்தில், எலிசாவின் கணினிக்குப் பக்கத்தில் இருந்த டீ டம்ளர் ஒரு துள்ளு துள்ளியது.

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன அலுவலகம். அங்கே வருகிறவர்கள் கூரியர் ஆளும் டீக்கார ஆளும்தான். பால் தூக்கோடு யாரும் வந்ததில்லை.

"இங்க யாருங்க கம்ப்யூட்டரு?" என்று கேட்டாள் வந்தவள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், தோளில் துண்டு, மாடிப்படி ஏறி வந்த மூச்சு.

எலிசாவுடன் வேலை பார்க்கும் தேவா, யோசிக்காமல் எலிசாவைக் கை காட்டினான்.

"நீயாம்மா? என் கார்டு செத்துப்போச்சுன்னு சொன்னது நீதானா?"

"நான் யாரையும் சாகடிக்கலையே அக்கா. முதல்ல உக்காருங்க. என்னா ஆச்சு?"

அவள் உட்காரவில்லை. போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டாள். விழுப்புரத்துப் பால் கம்பெனியின் தேன் குரல் பேசியது: 'அன்பான உறுப்பினரே, மூன்று மாதங்களாக உங்கள் அட்டையில் பால் வரவு இல்லை. வெள்ளிக்கிழமை மாலையுடன் உங்கள் அட்டை ரத்து செய்யப்படும்.'

"கேட்டியா? எம் பேரு லூர்துமேரி. ஊரு பிரம்மதேசம். தெனம் ரெண்டு வேளை ஊத்தறேன். கம்பெனிக்குப் போன் போட்டா, கணக்கெல்லாம் திண்டிவனத்துல பாக்கறாங்க, அங்க போய்க் கேளுன்றான். ஊத்தலைன்னு எவன் சொன்னான்? மூடியைத் திறந்து பாரு. இது காலைல கறந்தது. சாட்சிக்கு எடுத்துக்கினு வந்தேன்."

தேவா எட்டிப் பார்த்தான். "அக்கா, காபி போடலாமா?"

"போட்டுக்கோ. ஆனா எனக்குப் பதிலு சொல்லிட்டுப் போடு."

எலிசா நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தாள். அந்த ரத்துப் பட்டியலைத் தயாரித்தது அவள்தான். மாவட்டம் முழுக்க இருக்கும் பால் சென்டர்களிலிருந்து வரும் தரவு மலை போல் குவிந்திருந்தது. அதை அலசி, யார் பால் ஊற்றுகிறார்கள், யார் நிறுத்திவிட்டார்கள் என்று கம்பெனிக்குச் சொல்வது அவள் வேலை. போன வாரம்தான் முதல் பட்டியலை அனுப்பியிருந்தாள். முதல் பட்டியலிலேயே ஒரு பால் தூக்கு மேசை மேல் வந்து நிற்கிறது.

லூர்துமேரியின் அட்டை எண்ணைக் கேட்டு, சென்டரிலிருந்து வந்த மூலத் தரவைத் திறந்தாள். தினமும் பதிவு இருந்தது. ஆனால் அளவு என்ற கட்டத்தில் இருந்தது வேறு மாதிரி.

4+3. 4+3. 3+3. 4+3.

"ஐயையோ" என்றாள் எலிசா.

"என்னா ஐயையோ?"

"அக்கா, நாங்க ஒரு கருவி வச்சிருக்கோம். பேரு பிக்கு. அதுக்கு முன்கூட்டியே சொல்லிடணும். இந்தக் கட்டத்துல பேரு இருக்கும், இதுல தேதி இருக்கும், இதுல நம்பரு இருக்கும்னு. அளவுல நம்பர் இருக்கும்னு நான் சொல்லி வச்சேன். உங்களுதுல நடுவுல ஒரு பிளஸ் இருக்குது. அதனால இது நம்பரே இல்லைன்னு நெனச்சு, காலியா விட்டுடுச்சு."

"கேக்க வேணாமா அது? என்னான்னு புரியலைன்னா வாயைத் திறந்து கேக்க வேணாம்?"

"எச்சரிக்கைன்னு ஓரமா ஒரு வரி போடும். நான்தான் கவனிக்கலை."

"பிக்குன்னா என்னா?"

தேவா முந்திக்கொண்டான். "பன்னிக்கா. இங்கிலீசுல பன்னி. எதைக் குடுத்தாலும் திங்கும்னு பேரு வச்சிருக்காங்க."

லூர்துமேரி இடுப்பில் கை வைத்தாள். "எதையும் திங்கிற பன்னிக்கு எங்க பாலு மட்டும் கசந்துச்சாக்கும்?"

எலிசாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லூர்துமேரியும் சிரித்துவிட்டு, அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பால் கம்பெனி மேலாளர் நடராசனுக்கு எலிசா போன் போட்டாள். அவர் நல்லவர்தான். ஆனால் முறைக்காரர். "பட்டியலு கம்ப்யூட்டர் குடுத்தது. கம்ப்யூட்டரே மாத்திக் குடுத்தா நான் நிறுத்திடறேன். வாய்ச் சொல்லுக்கு நிறுத்தினா நாளைக்கு ஆயிரம் பேரு வந்து நிப்பாங்கம்மா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குது, சரி பண்ணிக் கொண்டாங்க."

"ரொம்ப சிம்பிள், ஜெனரல்!" என்றான் தேவா. எலிசாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "பிளஸ் இருந்தா கூட்டிடு. நாலும் மூணும் ஏழு. அஞ்சு நிமிஷ வேலை."

"ஏழா?" லூர்துமேரி எழுந்தே விட்டாள். "நான் எப்பப்பா ஏழு ஊத்தினேன்? எங்கிட்ட இருக்கறது ஒரே மாடு. அடுத்தவ பாலை என் பாலுன்னு எழுதி எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கறியா?"

"யாரு பாலு அது?"

"பக்கத்து வூட்டு வீரம்மா." பெயரைச் சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவ மாடு வாங்கின வருசம் கம்பெனியில புதுக் கார்டு குடுக்கலை. என் கார்டுலயே ஊத்துடின்னேன். அப்ப பேச்சு வார்த்தை இருந்துது. இப்ப இல்லை. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"பேசாமலே ஒரே கார்டுல ஊத்தறீங்களா?"

"பாலு என்னா பாவம் பண்ணுச்சு? பணம் என் பேருல வரும். அவளுக்குச் சேர வேண்டியதை அவ தூக்கு மூடியில வச்சுடுவேன். எடுத்துக்குவா."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. இப்பதான் புதுக் கார்டு குடுக்கறாங்களே. அவங்களுக்கு ஒண்ணு வாங்கிடலாம். ஆளுக்கு ஒரு கார்டு" என்றான் தேவா.

லூர்துமேரி தூக்கைக் கையில் எடுத்தாள். மூடியை இறுக்கினாள், இறுகியிருந்ததையே மறுபடி இறுக்கினாள். "அதெல்லாம் வேணாம்" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிடும்மா."

காபிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் போனாள்.

அவள் போனதும் எலிசா மொத்தத் தரவிலும் தேடினாள். கூட்டல் குறி போட்ட பதிவுகள் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இல்லை. காணை ஊரில் இருந்தது, திருவாமாத்தூரில் இருந்தது, ஏறக்குறைய எல்லா சென்டரிலும் இருந்தது. ரத்தாகப் போகும் அட்டைகளில் பெரும் பகுதி இப்படிப்பட்டவைதான்.

"இத்தனை சென்டர்காரங்களும் தப்பா எழுதறாங்களா?" என்றான் தேவா.

"தப்பே இல்லை. இது ஒரு வகை. நமக்குத் தெரியாத வகை, அவ்வளவுதான்."

தரவை ஏற்றும்போது பிக்கிடம் ஏற்கெனவே இருக்கும் வகைகள் போதவில்லை என்றால், நாமே ஒரு புது வகையைச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குத் தரவை உள்ளே ஏற்றும் நிரல் ஒன்றைத் தனியாக எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் கூட்டல் குறி வந்தால் பயப்படாதே, அது ஒரே அட்டைக்குள் இருக்கும் இரண்டு பேரின் பால், கூட்டவும் செய்யாதே, தூக்கி எறியவும் செய்யாதே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள் என்று அதற்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும். எலிசா எழுத உட்கார்ந்தாள். வகைக்கு 'ஜோடிப்பால்' என்று பெயர் வைத்தாள். முதல் எண் அட்டைக்காரருடையது, அடுத்தது கூட வந்தவருடையது.

மறுநாள் மதியத்துக்குள், முந்தின நாள் தரவில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள்; ஓடியது. சரி பார்க்க லூர்துமேரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நேத்து சாயந்தரம் நீங்க நாலு, வீரம்மா அக்கா மூணு. சரிங்களா?"

"மாத்திச் சொல்றியே பாப்பா. நான் மூணு. அவதான் நாலு. அவ மாடு ஜெர்சி கலப்பு."

எலிசா நினைத்த வரிசை தலைகீழாக இருந்தது. பிரம்மதேசம் பால் சென்டரின் கண்ணையனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஊத்தற வரிசையில எழுதறேங்க" என்றார் அவர். "அவங்க ஊத்தறதை வந்து பாருங்களேன், தமாசா இருக்கும்."

அன்று மாலையே டவுன் பஸ் ஏறினாள்.

லூர்துமேரி வீட்டு வாசலில் எலிசா நின்றபோது, பக்கத்து வீட்டிலிருந்து மெலிந்த ஒருத்தி தூக்கோடு வந்தாள். துணி துவைக்கிற கல் மேல் தூக்கை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினாள். வீரம்மாள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

லூர்துமேரி வெளியே வந்தாள். அவளைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த கன்றுக்குட்டியிடம் பேசினாள். "ஏ குட்டி, யாரோ வந்து நிக்கிறாங்க பாரு. தண்ணி வேணுமான்னு கேளு."

வீரம்மாளும் கன்றுக்குட்டியிடமே பதில் சொன்னாள். "வூட்லயே குடிச்சிட்டுத்தான் வந்தேன்னு சொல்லு."

"இருமறாங்க. கசாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு."

"குடிச்சாச்சாம்."

கன்றுக்குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்றது.

மூவரும் சென்டருக்கு நடந்தார்கள். எலிசா நடுவில். கன்றுக்குட்டியின் வேலை இப்போது அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எதுக்குக்கா சண்டை?" என்று லூர்துமேரியிடம் மெல்லக் கேட்டாள்.

அவள் மெல்லப் பதில் சொல்லவில்லை. "இவ பொண்ணு கல்யாணத்துக்கு ஊரெல்லாம் புருசன் பொண்டாட்டியா நேர்ல போயி தாம்பூலத்தோட பத்திரிகை வச்சாங்க. எங்க வூட்டுக்கு மட்டும் கொழுந்தனார் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. பக்கத்து வூடு! சுவத்துக்குச் சுவரு! நான் என்னா கடைக்காரியா, தபால்காரன் கணக்கா வந்து போட்டுட்டுப் போறதுக்கு?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சலு. அவரு வெளியூரு" என்றாள் வீரம்மாள் எலிசாவின் இடது காதில். "சரியானதும் வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கல்யாணம் வந்துடுச்சு."

"முடிஞ்சப்புறமாவது வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் லூர்துமேரி வலது காதில்.

"வெக்கமா இருந்துது."

"கேட்டுக்கோ பாப்பா. வெக்கமாம்."

சென்டரில் வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்ததும் லூர்துமேரி அட்டையைக் கண்ணையனிடம் நீட்டிவிட்டு, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். வீரம்மாள் முன்னால் போய்த் தன் பாலை ஊற்றினாள். நாலு. அதற்குப் பிறகுதான் லூர்துமேரி ஊற்றினாள். மூணு. கண்ணையன் போனில் தட்டினார்: 4+3.

"அட்டை உங்களுது. நீங்க ஏன் பின்னாடி?" என்றாள் எலிசா.

இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல் லூர்துமேரி பார்த்தாள். "நம்பி வந்தவங்க பாலு முதல்ல இறங்கணும். நம்மது அப்புறம். பந்தியில நம்ம வூட்டு ஆளுங்க முதல்ல உக்காருவாங்களா?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தாங்க. கார்டுக்காரங்க கடைசி" என்றார் கண்ணையன்.

அங்கிருந்தே காணைக்கும் திருவாமாத்தூருக்கும் போன் போட்டுக் கேட்டாள். அவர்களும் அதையே சொன்னார்கள், அதே 'இதுகூடத் தெரியாதா' குரலில். எலிசா பஸ்ஸில் திரும்பும்போதே மடிக்கணினியைத் திறந்து வரிசையை மாற்றினாள். எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் கடைசி எண் அட்டைக்காரருடையது.

பஸ் ஏறும் முன்பு வீரம்மாளிடமும் கேட்டுப் பார்த்திருந்தாள். "அக்கா, உங்களுக்குத் தனிக் கார்டு போட்டுடட்டுமா?"

வீரம்மாள் தூக்கின் கைப்பிடியைத் துடைத்தாள். "பாக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை. விழுப்புரம், பால் கம்பெனியின் தலைமை அலுவலகம்.

ஒரே அட்டையில் இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் நேரில் வந்து சொல்லட்டும் என்று நடராசன் கேட்டிருந்தார். எலிசா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரே பஸ்ஸின் முன்வாசலில் லூர்துமேரி இறங்கினாள், பின்வாசலில் வீரம்மாள். அறைக்குள் வந்தும் ஆளுக்கொரு மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"ஓட்டுங்க, பாக்கலாம்" என்றார் நடராசன். "இன்னும் கொஞ்ச நேரத்துல பட்டியலை மூடணும்."

எலிசா மூன்று மாதத் தரவையும் சேர்த்து ஓட்டினாள். திரையில் வரிகள் ஜல்தியாக ஓடின. ஓடி, நின்றன. சிவப்பில் ஒரு பிழை.

"என்னாம்மா இது?"

"இருங்க சார்." அவள் குனிந்து பார்த்தாள். பிழை வந்த பதிவு லூர்துமேரியின் அட்டையில்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அளவுக் கட்டத்தில்:

+3.

கூட்டல் குறிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் +3. அந்தச் சில வாரங்கள் முழுக்க அப்படியே. கூட்டல் குறி இருந்தால் இரண்டு பக்கமும் எண் இருக்கும் என்று அவள் எழுதிய நிரல் நம்பியிருந்தது. அதனால் தடுக்கி விழுந்துவிட்டது.

"லூர்துமேரி அக்கா, பொங்கலுக்கு அப்புறம் கொஞ்ச நாள் நீங்க மட்டும்தான் ஊத்தினீங்களா?"

"ஆமா. அவ மாடு சினை. கறவை வத்திப்போயிருந்துது. கன்னு போடற வரைக்கும் நான் மட்டும்தான்."

"அப்ப வெறும் மூணுன்னு எழுதியிருக்கலாமே. கண்ணையன் அண்ணன் ஏன் முன்னாடி ஒரு பிளஸ் போட்டாரு?"

லூர்துமேரி முந்தானையைத் திருகினாள்.

"தெரியாமப் போட்டுட்டாரா?"

"அந்த ஆளுக்கு என்னா தெரியும்? நான்தான் போடச் சொன்னேன்." குரல் இறங்கிப் போயிருந்தது. "அவ இடத்தை வுட்டுட்டு எழுதுன்னு சொன்னேன். கன்னு போட்டா வருவா இல்ல? வர்றப்ப இடம் இருக்கணுமே."

மூலையில் இருந்த வீரம்மாள் தலையை நிமிர்த்தினாள். அந்த ஒரு வருடத்தில் முதல் முறையாக, நடுவில் கன்றுக்குட்டியோ எலிசாவோ இல்லாமல், லூர்துமேரியை நேராகப் பார்த்தாள். லூர்துமேரி சுவரில் இருந்த பசு மாட்டுக் காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலிசா நிரலைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். கூட்டலுக்கு முன்னால் இடம் காலியாக இருந்தால் அந்த நாளைய அளவு பூஜ்யம், ஆனால் ஆளை எடுத்துவிடாதே. மறுபடி ஓட்டினாள்.

இந்த முறை நிற்கவில்லை. ரத்துப் பட்டியல் திரையில் கடகடவென்று சுருங்கியது. பிரம்மதேசத்துக் கார்டு அதில் இல்லை. கடைசி மூன்று மாத வரவு ஒரே அட்டையின் கீழ் இரண்டு வரியாக நின்றது. மேலே வீரம்மாளின் பால், கீழே லூர்துமேரியுடையது.

நடராசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சொன்னார்: "பழைய பட்டியலைக் கிழிச்சுடுப்பா. புதுசு வருது." லூர்துமேரி பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. அப்புறம் எனக்கு என்னா? உங்க கார்டு பொழைச்சுடுச்சும்மா."

"மாதாவே!" என்றாள் லூர்துமேரி. "அந்தப் பன்னிக்கு ஒரு கும்பிடு."

நடராசனுக்குப் புரியவில்லை. எலிசா விளக்கப் போகவில்லை. தேவாவுக்கு 'ஓடிடுச்சு' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அங்கிருந்து ஒரு பன்றிப் பொம்மையும் இரண்டு பால் டம்ளரும் பதிலாக வந்தன.

நடராசன் நிம்மதியில் தாராள மனசுக்கு மாறியிருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கார்டை எடுத்தார்.

"வீரம்மா, இங்க வாங்க. இவ்வளவு நாளா உங்க பேரே எங்க கணக்குல இல்லை. பேஜாரான விஷயம். இப்பவே உங்க பேருல ஒரு கார்டு போட்டுத் தர்றேன். நாளையிலேர்ந்து நீங்க பாட்டுக்கு நேரா சென்டருக்குப் போயி ஊத்திக்கலாம். யாரு தயவும் வேணாம்."

லூர்துமேரி காலண்டரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. ஆனால் மடியில் இருந்த தூக்கின் மூடியை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீரம்மாள் எழுந்து வந்தாள். கார்டைப் பார்த்தாள். கை நீட்டவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

"வேணாங்க."

"ஏம்மா? இலவசம்தான். இதே கணக்குல ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தப் பொண்ணு அதுக்கும் வழி பண்ணிடுச்சு. ஆனா சொந்தமா ஒண்ணு கிடைக்கறப்ப யாராவது வேணாம்னு சொல்வாங்களா? காரணத்தையாவது சொல்லுங்க."

வீரம்மாள் தரையைப் பார்த்தாள். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"தனிக் கார்டு வந்துட்டா, அப்புறம் தெனம் ரெண்டு வேளை எங்கக்கா வாசலுக்கு நான் எதைச் சொல்லிக்கினு போறதுங்க சார்?"